ஆச்சு என்று சொல்லக் கூடாது

கெட்ட வார்த்தை பேசுகிறவர்களோடு என்னால் வேலை பார்க்க முடியும், பார்த்துமிருக்கிறேன். 'ஆச்சு' என்று சொல்கிறவர்களோடுதான் முடியாது. என் தலைவிதி, என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அவர்களோடுதான் கழிந்தது.

எண்பதுகளின் கடைசியில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு பாதுகாப்புக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். மத்திய அரசு வேலை. பாதுகாப்பு என்றவுடன் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் நான் துப்பாக்கியோடு நிற்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் போகிற மச்சினனை உள்ளே வரைக்கும் வந்து வழியனுப்ப முடியுமா என்று கேட்டு, விடியற்காலையில் சிட்லபாக்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. நான் பார்த்தது அந்த வேலை இல்லை. விமானம் இறங்குகிற ரன்வேயில் கல், ஆணி, நாய், செத்த பருந்து எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுச்சுவரில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊர்களில் யாரும் மொட்டை மாடிமேல் உயரமாகக் கம்பம் நடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் பார்ப்பது ஒன்றுதான் வேலை. அதை என் ஆட்கள் பார்த்த லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

குழுவில் பல பேர் இருந்தாலும் இந்த விஷயத்துக்கு மூன்று பேரைத் தெரிந்தால் போதும். முதலாவது, எங்களில் மூத்தவர். பல்லாவரத்தை ஒட்டிய பழைய ஊர்க்காரர். விமான நிலையத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ரன்வேயின் ஒரு கோடி அவருடைய தாத்தாவின் கத்திரிக்காய்த் தோட்டமாக இருந்ததாம். அதனால் அந்தக் கோடியில் எது கிடந்தாலும் தனக்குத் தெரியாமல் போகாது என்பது அவர் நம்பிக்கை. போய்ப் பார்க்க வேண்டும் என்கிற அவசியமே அவருக்குப் பட்டதில்லை. இரண்டாவது, ஜீப் டிரைவர். ஆலந்தூர்க்காரர், வாய் ஓயாது. மூன்றாவது, பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருகிற ஒருவர். நடு வயது, அதிகம் பேசமாட்டார். எங்கள் ஆபீசிலேயே மீசை இல்லாத ஆண் அவர் ஒருவர்தான். அதற்காக மற்றவர்கள் அவரைச் சும்மா விட்டதில்லை.

நான் பொறுப்பேற்ற புதிதில் பம்மல் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. ஆள் குனிந்து நுழையலாம். ஆடு நிமிர்ந்தே நுழையலாம். அடைக்கச் சொன்னேன். மறுநாள் மூத்தவரைக் கேட்டேன்.

"சார், சுவத்து ஓட்டையை அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு மேடம்."

அந்த வாரமே ரன்வேயின் ஓரத்தில் மூன்று ஆடுகள் நின்று நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. விமானங்களுக்கு வழிசொல்கிற டவரிலிருந்து எனக்கு போன் வந்தது. அவர்கள் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. நேரே சுவருக்குப் போனேன். ஓட்டையில் யாரோ ஒரு முள்செடியைச் சொருகி, அது பறந்துவிடாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள்.

"இதை யார் அடைச்சது?"

"அடைச்சாச்சுன்னு சொன்னாங்க மேடம்," என்றார் மூத்தவர்.

"யார் சொன்னாங்க?"

"சொன்னாங்க மேடம்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டினால் அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பேன். அடைச்சாச்சு, சொன்னாங்க. இரண்டு பேச்சிலும் ஆளே கிடையாது. அப்போதுதான் இந்த 'ஆச்சு' என் காதில் ஏற ஆரம்பித்தது. ஏறிய பிறகு இறங்கவேயில்லை. நாள் முழுக்க அதுதான். விளக்கெல்லாம் பார்த்தாச்சா, பார்த்தாச்சு. நாயைத் துரத்தியாச்சா, துரத்தியாச்சு. பார்த்தேன் என்று சொன்னால் பார்த்தவர் ஒருவர் வேண்டும். பார்த்தாச்சு என்றால் யாரும் வேண்டாம், பார்க்கிற காரியம் தானாகவே நடந்து முடிந்துவிடும். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமானால் யார் சட்டையையும் பிடிக்க முடியாது. ஆபீஸ் ஆங்கிலமும் லேசுப்பட்டதில்லை. அதிலும் எல்லாம் யாராலோ சரிபார்க்கப்பட்டு, எப்படியோ திருப்திகரமாக இருந்துவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் ஒரு பாங்கில் வேலை பார்த்தார். சாயங்காலம் எனக்கு முன்னால் வீடு வந்துவிடுவார்.

"மோட்டாரை நிறுத்தியாச்சா?"

"ஆச்சு ஆச்சு."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடித் தொட்டி நிரம்பிச் சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டும். கோடையில் சிட்லபாக்கத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற காலம் அது. பக்கத்து வீட்டு அம்மா எங்கள் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். மானம் போகும்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். இனிமேல் இந்த ஆபீசில் ஆச்சு என்று யாரும் சொல்லக் கூடாது. நான் பார்த்தேன் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆச்சு என்று சொன்னால் சொன்னவர் என்னோடு வெயிலில் நடந்து வந்து மறுபடி பார்க்க வேண்டும். மூத்தவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர்தான் முதலில் எழுந்தார்.

"இன்னா மேடம், வண்டி ரெடியாயிட்ச்சின்னு கூட சொல்லக் கூடாதா?"

"யார் ரெடி பண்ணது?"

"நாந்தான்."

"அப்போ நான் ரெடி பண்ணேன்னு சொல்லுங்க."

"அது இன்னாமோ பீத்திக்கிற மாதிரி கீது மேடம்," என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. நான் செய்தேன், நான் செய்தேன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் நம் ஊரில் அவரை அகம்பாவம் பிடித்தவர் என்றுதான் சொல்வார்கள். மரியாதை தெரிந்தவர் முடிந்தது என்பார், ஆகிவிட்டது என்பார். வீட்டில் அது நல்ல பழக்கம்தான். ரன்வேயில் மரியாதை பார்த்தால் டயர் வெடிக்கும்.

அடுத்த சில வாரங்கள் என்னை வைத்துத் தமாஷ் பண்ணிக்கொண்டிருந்தார்கள். டீ கொண்டுவந்தவர் "நான் டீ போட்டேன், நான் கொண்டாந்தேன், நான் வெச்சேன் மேடம்" என்று அடுக்கிவிட்டுப் போனார். மூத்தவர் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார். "அது முடிஞ்சுது மேடம்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதையும் தடுத்தேன். "அது ஓவர் மேடம்" என்றார். நான் அவரை உச்சி வெயிலில் அந்தக் கத்திரிக்காய்த் தோட்டத்து மூலை வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்குத் தண்டனை கொடுத்ததாக நினைத்துக்கொண்டு எனக்கும்தான் மண்டை காய்ந்தது.

ஒருவர் மட்டும் தமாஷ் பண்ணவில்லை. பொழிச்சலூர்க்காரர். நான் சொன்ன அன்றிலிருந்தே அவர் வாயிலிருந்து முழுசாக வாக்கியம் வந்தது. "கிழக்குப் பக்க விளக்கை நான் பார்த்தேன் மேடம். மேற்குப் பக்கம் நான் பார்க்கலை, மழை வந்துடுச்சு." கேட்கவே காதுக்கு இதமாக இருந்தது. உங்களுக்கு மட்டும் எப்படி இது சுலபமாக வருகிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"வீட்டுல இப்படித்தான் மேடம் பேசறோம். ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க," என்றார்.

அவருடைய பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரே பெண். பல்லாவரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும், திருப்பிப் பேசவும் பழக்கினார்கள். வீட்டில் எல்லாரும் அவள் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும். பாதி வார்த்தையை முழுங்கக் கூடாது. யார், என்ன, எங்கே என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மீசை உதட்டை மறைக்கிறது என்று டீச்சர் சொன்ன அன்று சாயங்காலமே அவர் மீசையை எடுத்துவிட்டாராம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தார். இத்தனை நாள் அவரைக் கேலி பண்ணிய கூட்டத்தில் நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் பல்லாவரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அப்பாவையும் பெண்ணையும் பார்த்தேன். இவர் கீழே குந்தி உட்கார்ந்து, வெயிலைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கண் கூசிக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது, முகத்தைத் திருப்பவில்லை. அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கலகலவென்று சிரித்தாள். என்ன ஜோக் என்று எனக்குக் கேட்கவில்லை. என்னுடைய ரயில் வந்து, நான் ஏறிவிட்டேன்.

எங்கள் இலாகாவில் மாற்றல் என்பது மழை மாதிரி, யார் தலையில் எப்போது விழும் என்று தெரியாது. தெற்கே இருப்பவரைத் தூக்கி அசாமுக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது பேஜார். பெட்டி படுக்கையோடு ரயிலில் ஏறிவிட்டால் சரியாகிவிடும். பொழிச்சலூர்க்காரருக்கு அப்படியில்லை.

"வேற ஊருக்குப் போனா அவளுக்கு எல்லாம் முதல்லருந்து மேடம்," என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். "அவ படிக்கிறது தமிழ் பேசுற வாயைத்தான். அங்க எல்லாரும் வேற பாஷை பேசுவாங்க. இத்தனை வருஷமா சேர்த்த வார்த்தையெல்லாம் போயிடும்."

அதனால் ஒவ்வொரு வருஷமும் மாற்றல் பட்டியல் போடுகிற சமயத்தில் டெல்லிக்கு எழுதி, போன் பண்ணி, சண்டை போட்டு அவரை மட்டும் தப்பவைத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரி அது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டிருந்தது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், மழை விட்ட ஒரு தை மாதம். ரன்வேயில் விரிசல் விட்ட இடங்களை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேலை முடித்துப் போனதும், முதல் விமானம் வருவதற்குள் எங்கள் ஆட்கள் ரன்வே முழுக்கப் பார்த்துவிட்டு, பாதை சுத்தம் என்று டவருக்குச் சொல்ல வேண்டும். அன்று காலை ஜீப் ஒன்றுதான் ஓடியது, இன்னொன்று ஒர்க்ஷாப்பில் கிடந்தது. மூத்தவரைப் பூச்சு வேலை நடந்த கோடியில் இறக்கிவிட்டு, பொழிச்சலூர்க்காரரும் டிரைவரும் மற்ற இடமெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். திரும்ப வரும்போது மூத்தவர் ஒப்பந்தக்காரரின் ஆட்களோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.

"இந்தப் பக்கம் பார்த்தாச்சா சார்?" என்று பொழிச்சலூர்க்காரர் கேட்டிருக்கிறார். அவசரத்தில் அவர் வாயிலும் அதுதான் வந்திருக்கிறது.

"ஆச்சு ஆச்சு. வண்டியை எடு, பிளேன் வருது பார்."

பொழிச்சலூர்க்காரர் டவருக்குச் சொன்னார். விமானம் இறங்கியது. அந்தக் கோடியில் சிமெண்டு குழைக்கிற இரும்புத் தகடு ஒன்று கிடந்திருக்கிறது. டயர் அதன்மேல் ஏறி வெடித்து, விமானம் கோணலாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. ஏணி வைத்து எல்லாரையும் இறக்கினார்கள், கைப்பையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்து போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தகட்டை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்கு டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தமிழர்தான், டெல்லியில் பல வருஷம் இருந்து பாதித் தமிழை மறந்திருந்தார். அவர் வருவதற்கு முந்தின சாயங்காலம் பொழிச்சலூர்க்காரர் என் அறைக்கு வந்தார்.

"மேடம், நடந்ததை அப்படியே சொல்லிடலாமா?"

"அப்படியே சொல்லுங்க."

"அந்தக் கோடியை நான் என் கண்ணால பார்க்கலை மேடம். யாரு பார்த்ததுன்னு கேட்டிருக்கணும். பிளேன் சத்தம் வந்துடுச்சு, கேக்காம விட்டுட்டேன்."

"அதைச் சொல்லுங்க. அப்பதான் எங்க தப்பு நடந்ததுன்னு தெரியும். நான் இருக்கேன்."

மறுநாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மூத்தவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "வழக்கம்போல பார்த்தாச்சு சார்," என்றார். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதற்குமேல் ஒரு எழுத்து வரவில்லை. டிரைவர், "பாத்தாச்சுன்னு சொல்லிகினாங்க சார், நான் வண்டிய எட்த்துட்டேன்," என்றார். ஒப்பந்தக்காரர், சாமானெல்லாம் எடுத்தாச்சு என்றார். ஒரே ஒருவர்தான் நிமிர்ந்து நின்று, "பாதை சுத்தம்னு டவருக்கு நான் சொன்னேன். அந்தக் கோடியை நான் பார்க்கலை," என்றார். அதிகாரி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அந்த அறையில் அன்று பிடித்துக்கொள்வதற்கு ஒரு ஆள் கிடைத்தது அப்போதுதான்.

நான் பக்கம் பக்கமாக எழுதினேன். தப்பு ஒரு ஆளுடையது இல்லை, பார்க்கிற முறையே தப்பு. ஒவ்வொரு கோடிக்கும் ஒருவர், அவரே தன் பேரைச் சொல்லி டவருக்குச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால் இனி ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். எல்லாம் எழுதினேன். இரண்டு மாசம் கழித்து டெல்லியிலிருந்து தபால் வந்தது. நான் சொன்ன முறையை எல்லா நிலையங்களிலும் கொண்டுவருவதாகவும், எங்கள் நிலையத்தின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது என்றும் ஒரு சுற்றறிக்கை. அதே கட்டுக்குள் இன்னொரு காகிதம். பொழிச்சலூர்க்காரருக்கு அசாமைத் தாண்டி ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றல்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாராட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். டெல்லிக்கு போன் போட்டேன். லைன் கிடைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. இந்த மாற்றலை யார் போட்டது என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கேட்டேன்.

"ஹோ கயா, மேடம்," என்றார் அந்தப் பக்கத்துக் குமாஸ்தா.

"அது தெரியுது. யார் போட்டது?"

"ஹோ கயா, மேடம். ஆர்டர் ஹோ கயா."

இந்தியிலும் இருக்கிறது. அதே ஆச்சு. நான் என்னவோ தமிழ்நாட்டுக்காரர்களைத்தான் திருத்த வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாடு முழுக்க எல்லாம் தானாகவே ஆகிக்கொண்டிருக்கிறது. விசாரணைக்கு வந்த அதிகாரியைப் பிடித்தேன். "மாத்தல் ஒரு தண்டனையே இல்லையே அம்மா, ரொட்டீன்தானே," என்றார். பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "அந்த ஊர்லயும் ஸ்கூல் இருக்கும்," என்றார். எந்த பாஷையில் என்று கேட்டேன். வேறு ஒரு போன் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு மேலே இருப்பவருக்கு எழுதினேன், அவருக்கு மேலே இருப்பவருக்கும் எழுதினேன். தேவையானால் என்னை மாற்றுங்கள் என்றுகூட எழுதினேன். பதில் இல்லை.

மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், நீங்க ஆச்சுன்னு சொன்னதை நீங்களே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா நான் அதை வெச்சு நிறுத்தப் பார்க்கறேன்."

"சொல்லியிருப்பேன் மேடம். ஞாபகம் இல்லையே," என்றார். பிறகு நிஜமாகவே வருத்தத்தோடு, "அவனை யாரு மேடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கச் சொன்னது? நல்ல பையன், பாவம்," என்றார். அவரை என்ன செய்வது? அடிக்கவா முடியும்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். "ஆனது ஆச்சு, விடு," என்றார் என் கணவர். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

ஆபீசில் பொழிச்சலூர்க்காரர் என்மேல் கோபப்பட்டிருந்தால் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவர் வந்து, "அவளும் அவ அம்மாவும் இங்கயே இருக்கட்டும் மேடம். நான் மட்டும் போறேன். அவ ஸ்கூல் நிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறப் போய்விட்டார். நான் இருக்கேன் என்று அவரிடம் சொன்ன என் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பொழிச்சலூரில் ஒரு சின்ன ஓட்டு வீடு, தலைக்குமேல் விமானம் போகும்போது ஜன்னல் அதிரும். அவர் பல்லாவரம் சந்தைக்குப் பழைய ஸ்வெட்டர் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்த புடவையைக்கூட மாற்றாமல் எனக்குக் காபி கலந்துகொண்டு வந்தாள். பெண் எனக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் முறுக்கை வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். விமானம் ஒன்று வீட்டையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி போனது. அவள் நிமிரவில்லை.

"குழந்தைகிட்ட இன்னும் சொல்லலை மேடம்," என்றாள் அவர் மனைவி, என் பின்னால் அலமாரிப் பக்கம் திரும்பி டப்பாவை வைத்துக்கொண்டே. "ஏதாவது வழி பிறக்கும்னு பார்த்துட்டிருக்கோம்."

குழந்தை பக்கத்தில் இருக்கிறதே என்று நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவ்வளவு மெதுவாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. "எனக்குத் தெரிஞ்ச எல்லாக் கதவையும் தட்டிட்டேன்மா. எதுவும் நடக்கலை. அடுத்த வாரம் அவர் கிளம்பித்தான் ஆகணும்."

முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"அப்பா எங்கே போறாங்க?" என்று பெண் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து வைக்கிற குரல்.

"நீங்க மெதுவா பேசினாலும் அவளுக்கு ஒண்ணுதான் மேடம்," என்றாள் அம்மா. "அவ உங்களுக்கு நேரா உக்காந்திருக்கா."

எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்று தவித்தேன். காபியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்தேன். இவ்வளவு நாள் ஆபீசில் எல்லாரிடமும் கேட்டேனே, அந்த மாதிரி முழு வாக்கியமாகச் சொன்னேன்.

"அப்பா தூர ஊருக்கு வேலைக்குப் போறாங்க. லீவுக்கு வருவாங்க. நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் ஆபீசுக்கு வா. என் ரூம்ல போன் இருக்கு. நான் அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுக்கறேன். நீ அப்பாகிட்ட எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க."

சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆபீஸ் லைன். யார் ஆட்சேபித்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதையாவது என்னால் செய்ய முடியும் என்று நினைத்தேன்.

அவள் என் வாயைக் கடைசி வரைக்கும் கவனமாகப் பார்த்தாள். பிறகு டீச்சருக்குப் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அப்பாகிட்ட பேசுவேன் ஆன்ட்டி," என்றாள். "அப்பா பேசறதை நான் எப்படிப் பார்ப்பேன்?"

அவள் அம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.